மயிற்பொறியும் அமுதசுரபியும்: கண்டி – மாத்தளைப் பகுதியின் நோயொழிப்புக் கனவுகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1. தோற்றுவாய்

மனிதன் தன்னால் இயலாதனவற்றைக் கற்பனையில் இயற்றிப் பார்க்கும் இயல்பினன். பறக்க இயலாத காலத்தில் அவன் விமானத்தைக் கற்பித்தான். மூப்பையும் சாக்காட்டையும் வெல்ல இயலாத நிலையில் காயகற்பத்தைக் கற்பித்தான். இத்தகைய கற்பனைகளை வெறும் பகற்கனவுகளென்று ஒதுக்கிவிடுதல் தவறு. அவற்றை நம் முன்னோர் உண்மையிலேயே எய்திய விஞ்ஞான சாதனைகளென்று பெருமை பாராட்டுதல் அதனினும் பெருந்தவறு. ஒரு சமுதாயம் எதனைக் கனவு காண்கின்றது என்பது, அச்சமுதாயத்திடம் எது இல்லை என்பதைப் புலப்படுத்தும். அக்கனவின் பயனை யார் நுகர்வதாகக் கற்பிக்கப்படுகின்றது என்பது, அச்சமுதாயத்தின் அமைப்பைப் புலப்படுத்தும்.

தமிழிலக்கிய மரபில் இவ்விரு நோக்கிலும் ஆராயத்தக்க இரு கருவிகள் உள்ளன. ஒன்று சீவகசிந்தாமணி கூறும் மயிற்பொறி. அரசுக்கு ஆபத்து நேரும் எனக் கருதிய சச்சந்தன், தச்சன் ஒருவனைக் கொண்டு பறக்கும் பொறியொன்றைச் செய்வித்துத் தன் தேவி விசயைக்கு அதனை இயக்கப் பயிற்றுவிக்கின்றான். ஆபத்து வந்தபோது அப்பொறி கருவுற்றிருந்த தேவியை மட்டும் காத்து, சுடுகாட்டிற் கொண்டு சேர்க்கின்றது. நகரம் கட்டியங்காரன் கைப்படுகின்றது. மற்றொன்று மணிமேகலை கூறும் அமுதசுரபி. அள்ளக் குறையாத அப்பாத்திரம் பொது அம்பலத்தில் யாவர்க்கும் உணவளிக்கின்றது. யானைத்தீ என்னும் நோயுற்ற காயசண்டிகையின் பிணியும் அவ்வுணவினாலேயே தீர்கின்றது. பசியையே பிணியென்று பெயரிட்டழைத்த மரபு அது. முன்னது ஒருவர்க்குரிய கருவி. பின்னது பலர்க்குரிய கருவி. இரண்டும் கற்பனையே. ஆயினும் தொழில்நுட்பத்தை எடைபோடுவதற்கான இரு அளவுகோல்களை அவை நமக்குத் தருகின்றன.

இவ்வளவுகோல்களைக் கைக்கொண்டு, கண்டி – மாத்தளைப் பகுதியில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் எழுந்த நோயொழிப்புக் கனவுகளை, சிறப்பாக மலேரியாக் காய்ச்சலை ஒழிக்கும் கனவை, நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

2. வடபாதையும் சிங்கோனாப் பட்டையும்

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தபின் வருவது அலவத்துகொட. சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் குடியிருப்புகளும் தோட்டங்களும் அருகருகே அமைந்த வட்டாரம் இது. ஊரை ஊடறுத்துச் செல்லும் சாலை, இன்று ஏ-9 என்ற பெயருடன் யாழ்ப்பாணம் வரை நீள்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே திசையில்தான், எதிர்முகமாக, தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்து வந்தனர். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காடுகளினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கண்டிச் சீமையின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்ற அவ்வழி வடபாதை எனப்பட்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் தாகமும் அப்பாதை நெடுகப் பலரைப் பலி கொண்டன. வரண்ட வலயத்தின் மலேரியாவை உடம்பில் ஏந்தியவாறே பலர் மலைநாட்டை அடைந்தனர். 1899ஆம் ஆண்டளவில் அப்பாதை மூடப்படும் வரை இந்நிலை நீடித்தது.

இக்காலத்திலேயே மலைநாட்டில் முதலாவது பெருங்கனவு முளைத்தது. காய்ச்சலுக்கு மருந்தான குயினைன் என்னும் சத்தினைச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரான்சிய இரசாயனவியலாளரான பெல்லத்தியேயும் கவந்தூவும் பிரித்தெடுத்தனர். தென்னமெரிக்க மலைகளில் மட்டும் வளர்ந்த அம்மரத்தின் விதைகளையும் கன்றுகளையும் பிரித்தானியர் கீழைநாடுகளுக்குக் கொணர்ந்தபோது, அவற்றின் ஒரு பகுதி 1861இல் இலங்கையை அடைந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்சின் மேற்பார்வையில், ஹக்கலையில் சிங்கோனாவுக்கெனவே ஒரு பூங்கா அமைக்கப்பட்டது.

பேரரசு இக்கன்றுகளை நாடியமைக்கான காரணம் வெளிப்படை. வெப்பநாடுகளில் படைகளும் அதிகாரிகளும் உயிரோடிருக்கக் குயினைன் இன்றியமையாததாயிற்று. தோட்டத்துரைமாரோ இதனை வேறொரு நோக்கிற் கண்டனர். 1869இல் கோப்பிச் செடிகளிற் காணப்பட்ட இலைத்துரு நோய் படிப்படியாகக் கோப்பித் தொழிலை அழித்தபோது, அழிவிலிருந்து மீட்கும் அற்புத மரமாகச் சிங்கோனா தோன்றியது. இலங்கையில் தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடியாகிய ஜேம்ஸ் டெயிலர் தாமும் லூல்கந்துரையிற் சிங்கோனா பயிரிட்டவரே. 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. அனைவரும் ஒரே வேளையில் செல்வக்கனவு கண்டதன் விளைவாகச் சந்தை நிரம்பி விலை வீழ்ந்தது. யாவாவில் ஒல்லாந்தர் வளர்த்த மரவகை மிகுதியான குயினைனைக் கொண்டிருந்தமையும் இலங்கைப் பட்டையின் மதிப்பைக் குறைத்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின.

இம்மரத்தை நட்டுப் பட்டை உரித்த தொழிலாளரிற் பலர் காய்ச்சலுக்கு ஆளானவரே. ஆயினும் பட்டை இலண்டன் சந்தைக்கே சென்றது. அரை நூற்றாண்டின் பின், 1934ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது, உலகக் குயினைன் வாணிகம் அம்ஸ்ரடாமை மையமாகக் கொண்ட உற்பத்தியாளர் கூட்டிணைப்பின் பிடியில் இருந்தது. ஒரு காலத்தில் உலகிற்கே பட்டை வழங்கிய நாடு, தன் நோயாளருக்கான மருந்தை விலைகொடுத்து இறக்க நேர்ந்தது. மருந்து விளையும் மண்ணில் வாழ்தலும் மருந்தைப் பெறுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. கொழுக்கிப்புழு இயக்கம்

இரண்டாவது கனவு அமெரிக்காவிலிருந்து வந்தது. கொழுக்கிப்புழு நோயை மருந்தினால் துடைத்தெறியலாம் என்ற நம்பிக்கையோடு றொக்பெல்லர் மன்றம் உலகளாவிய இயக்கமொன்றைத் தொடங்கியபோது, இலங்கையில் அது முதலிற் கால்வைத்த இடங்களுள் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள் முக்கியமானவை. 1916இல் அங்கு சிகிச்சை தொடங்கிற்று.

இந்நோயின் இயல்பு எளிதில் விளங்கத்தக்கது. நோயாளியின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் ஈரமண்ணிற் பொரிக்கின்றன. புழுக்குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுகின்றன. குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சுகின்றன. நோயாளி சோகையுற்று மெலிகின்றான். மலசலகூடம் இல்லாத லயங்களும் செருப்பில்லாத கால்களும் உள்ள இடத்தில் இந்நோய் நிலைபெறும். துரைமார் சோம்பல் என்று தொழிலாளர் மீது சுமத்திய குறையின் பெரும்பகுதி குருதியின்மையே என்பதும் இவ்வியக்கத்தின் மூலம் தெளிவாயிற்று.

மருந்து புழுவை வெளியேற்றிற்று என்பது உண்மை. ஆனால் மருந்துண்டவர் அதே மண்ணில் மீண்டும் வெறுங்காலோடு நடந்தனர், மீண்டும் நோயுற்றனர். மலசலகூடங்களை அமைக்கும் செலவை ஏற்கப் பல தோட்ட நிருவாகங்கள் தயங்கின. மருந்தளித்தல் ஒருநாட் செயல். அதற்கு ஆகும் செலவு சிறிது. மலசலகூடமும் நன்னீரும் நல்ல வீடும் அமைத்தலோ இலாபத்திற் கைவைக்கும் செயல். இவ்வனுபவமே 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பகுதி முறைக்கு வழிகோலியது. நோய் வந்தபின் மருந்தளிப்பதோடு அமையாது, தாய்சேய் நலம், துப்புரவு, நோய்த்தடுப்பு ஆகியவற்றை ஒரு பிரதேசத்தின் மக்கள் அனைவர்க்கும் ஒருசேர வழங்கும் இம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. ஆயினும் தோட்டங்கள் நெடுங்காலம் இம்முறைக்குப் புறம்பாகவே இருந்தன.

4. 1934–35: வரண்ட ஆறுகளும் பசித்த வயிறுகளும்

மலேரியா இலங்கைக்குப் புதியதன்று. வரண்ட வலயத்தில் அது நிரந்தர நோய். அங்குள்ளோர் இளமையிலேயே மீண்டும் மீண்டும் நோயுற்று, பிழைத்தவர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றனர். ஈரவலயத்திலோ ஆண்டு முழுதும் பெய்யும் மழையால் ஆறுகள் பெருக்கெடுத்தோடி நுளம்பின் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும். அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பே இலங்கையில் இந்நோயைப் பரப்பும் முதன்மையான இனம் என்பதை எச். எவ். காட்டர் 1920களில் நடத்திய ஆய்வுகள் நிறுவியிருந்தன. தெளிந்த நீர் தேங்கி, வெயில் படும் குட்டைகளே அந்நுளம்பு விரும்பும் இடம்.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டம் குன்றி, மணற்படுகையிற் குட்டைகளாய்ச் சிதறின. எதிர்ப்பாற்றல் அற்ற மக்கள் நெருங்கி வாழ்ந்த கேகாலை, குருநாகல் மாவட்டங்களில் அவ்வாண்டின் இறுதிப்பகுதியில் நோய் காட்டுத்தீயெனப் பரவிற்று. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தாழ்ந்த பகுதிகளும் தப்பவில்லை. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில், 1935ஆம் ஆண்டின் இறுதிக்குள் 80,000 அளவினர் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இறந்தோரிற் பெருந்தொகையினர் குழந்தைகள்.

மழையின்மை நுளம்பைப் பெருக்கிற்று. ஆனால் மரணத்தைப் பெருக்கியதில் மழையின்மைக்கு மட்டுமே பங்குண்டு என்று கொள்ளவியலாது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் விலை வீழ்ந்து, கூலி குறைந்து, வேலையின்மை பெருகியிருந்த காலம் அது. மழை பொய்த்தமையால் விளைச்சலும் குன்றிற்று. ஏற்கெனவே மெலிந்த உடல்களையே காய்ச்சல் தாக்கிற்று. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலியோருடன் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப்பணி புரிந்தபோது, மருந்துக்கு ஈடாக உணவும் வேண்டப்படுவதை நேரிற் கண்டனர். அவர்களிற் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தமை தற்செயலன்று. காயசண்டிகையின் பிணியை அமுதசுரபி தீர்த்த கதையின் உட்பொருளை, இவ்விளைஞர் கேகாலைக் கிராமங்களிற் கண்டனர் எனலாம்.

இக்கொள்ளைநோயின் அரசியல் விளைவு நிலையானது. 1931இல் வயதுவந்த அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. வாக்காளரின் குழந்தைகள் இறந்தபோது அரசாங்க சபையின் உறுப்பினர் வாளாவிருக்க இயலவில்லை. அதன் பின்னரான பத்தாண்டுகளில் கிராமப்புறங்களில் மருந்தகங்களும் வைத்தியசாலைகளும் பெருகின. நோயொழிப்பின் வரலாற்றில் வாக்குச்சீட்டிற்குரிய இடம் மருந்திற்குரிய இடத்திற்குக் குறைந்ததன்று.

5. வெண்தூளின் அற்புதம்

டீ.டீ.ரீ. என்னும் சேர்வை 1874இலேயே இரசாயனசாலையில் ஆக்கப்பட்டிருந்தது. அது பூச்சிகளைக் கொல்லும் என்பதைச் சுவிற்சலாந்தைச் சேர்ந்த போல் முல்லர் 1939இற் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். போர்க்காலத்திற் படைகளுக்கெனப் பயன்பட்ட இத்தூள், போர் முடிந்ததும் இலங்கைக் குடிசைகளின் சுவர்களை அடைந்தது. 1946 முதல் பரந்த அளவில் தெளிப்பு நடைபெற்றது.

இதன் செயற்பாடு எளிமையானது. குருதியுண்ட நுளம்பு பறக்க இயலாது வீட்டுச் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். சுவரிற் படிந்துள்ள மருந்து பல மாதங்கள் ஆற்றல் குன்றாது நிற்குமாதலின், அமர்ந்த நுளம்பு இறக்கும். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நோய் செல்லும் பாலம் இவ்வாறு அறுபடுகின்றது. ஆற்றையும் குளத்தையும் காட்டையும் மாற்றாமலே, வீட்டுச் சுவரை மட்டும் மாற்றி நோயை வெல்லலாம் என்ற எண்ணம் அக்காலத்தில் எவரையும் மயக்கத்தக்கதே.

எண்கள் அம்மயக்கத்தை மிகுவித்தன. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாகக் கணிக்கப்பட்ட மலேரியா நோயாளர் தொகை ஆண்டுதோறும் சரிந்தது. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக 1946இல் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவிற்கு இறங்கிற்று. ஓராண்டில் நிகழ்ந்த இவ்வீழ்ச்சி உலக மக்கட்டொகையியல் நூல்களில் இலங்கையை ஓர் அற்புத நாடாக்கியது. 1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகிலிருந்தே ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. கனவுகள் எல்லை கடந்து விரிந்த காலம் அது. பின்னர் இலங்கையையே வாழிடமாகக் கொண்ட ஆர்தர் சீ. கிளாக், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என எழுதியது 1945இல். அக்கனவு இருபதாண்டிற்குள் நனவாயிற்று. அவ்வாறாயின் நுளம்பை வெல்லும் கனவு மட்டும் ஏன் நனவாகாது என்று கருதியோரைக் குறைகூறுதற்கில்லை.

6. யாருடைய உயிர், எதனாற் பிழைத்தது?

எனினும் இறப்பு வீத வீழ்ச்சி முழுவதையும் டீ.டீ.ரீ.யின் கணக்கில் எழுதுதல் பொருந்துமா என்ற வினா விரைவிலேயே எழுந்தது. பீற்றர் நியூமன் போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் நாற்பது வீதத்திற்கும் மேற்பட்ட பங்கினை மலேரியாக் கட்டுப்பாட்டிற்கு உரித்தாக்கினார். பிரெடரிக்சன் அதனை மறுத்து, மலேரியா அரிதாயிருந்த மாவட்டங்களிலும் இறப்பு வீதம் வீழ்ந்தமையைச் சுட்டி, உணவு நிலை முதலிய பொருளாதார மாற்றங்களை வற்புறுத்தினார். இலங்கையரான எஸ். ஏ. மீகம, மருத்துவ சேவைகளின் விரிவையும் கருத்திற் கொண்டு ஆராய்ந்தார். 1974இல் ஆர். எச். கிரே வெளியிட்ட கணிப்பின்படி மலேரியாக் கட்டுப்பாட்டின் பங்கு நான்கிலொன்றிற்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய பெரும்பகுதி போசணை, வைத்தியசாலைகள், தாய்சேய் நலச் சேவை முதலியவற்றுக்குரியது.

இவ்வாதம் புள்ளிவிவர நுட்பம் பற்றியதாக மட்டும் அமைந்ததன்று. அற்புதத்தூளே உயிர்காத்தது எனின், ஏழைநாடுகளுக்கு வேண்டுவது தூள் மட்டுமே. சமுதாய அமைப்பை மாற்ற வேண்டுவதில்லை. பங்கீட்டரிசியும் இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் சேர்ந்தே உயிர்காத்தன எனின், அவற்றைப் பேணுதல் உயிரைப் பேணுதலாகும். எனவே எண்களைப் பற்றிய இவ்விவாதம் அடிப்படையில் அரசின் கடமையைப் பற்றிய விவாதமே.

இவ்விடத்து மலைநாட்டுத் தோட்டங்களைத் தனித்து நோக்குதல் வேண்டும். உயர்ந்த மலைத்தோட்டங்களிற் குளிரின் காரணமாக மலேரியா பரவுவதில்லை. மாத்தளைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களுக்கு டீ.டீ.ரீ.யாற் பயன் விளைந்தது. உயர்நிலத் தோட்டத்தவரைக் கொன்ற நோய்கள் வேறு: வயிற்றுளைவு, சோகை, சுவாச நோய்கள், பேற்றின்போது நேரும் ஆபத்துகள். இவற்றுள் எதனையும் சுவரில் தெளிக்கும் மருந்து தீர்க்காது. நன்னீர், மலசலகூடம், காற்றோட்டமான வீடு, போதிய கூலி, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி ஆகியனவே தீர்க்கும். இவற்றைக் கோரிப் பெறுவதற்குரிய கருவி வாக்குரிமை. வெண்தூளின் வெற்றி முழங்கிய அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் அக்கருவியை இழந்தனர். கிராமத்தவர் தம் பிரதிநிதியிடம் வைத்தியசாலை கேட்டுப் பெற்றபோது, தோட்டத்தவருக்குக் கேட்பதற்குப் பிரதிநிதி இல்லை.

இதன் விளைவு 1970களில் வெளிப்பட்டது. 1973–74இல் உலகளாவிய உணவுத் தட்டுப்பாடு நேர்ந்து மாவும் அரிசியும் அரிதானபோது, தோட்டங்களின் குழந்தை இறப்பு வீதம் நாட்டின் சராசரியைப் போல் இருமடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. உணவுக்கெனச் சிறுநிலமும் இல்லாத மக்களைப் பஞ்சம் முதலில் தாக்கிற்று. செய்மதி விண்ணிற் சுழன்றுகொண்டிருந்த காலத்தில், சாலையின் இருமருங்கிலும் இருவேறு இறப்பு வீதங்கள் நிலவின. தொழில்நுட்பம் மயிற்பொறியாய் அமைந்ததற்கு இஃது எடுத்துக்காட்டு.

7. பதினேழு நோயாளரும் அதன் பின்னும்

1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். அவர்களிலும் பெரும்பாலோர் வெளிநாட்டிற் தொற்றுக்கு உள்ளானோர். கனவு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, பணம் வேறு துறைகளுக்குச் சென்றது. நோய் ஒழிந்தபின் நோய்காவலர் எதற்கு என்ற எண்ணம் மேலோங்கிற்று.

1967 முதல் 1969 வரை நோய் பேரலையாய் மீண்டது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ பத்து இலட்சம் நோயாளர் பதிவாயினர். எலகரைப் பகுதியின் மாணிக்கக் குழிகளிலும் சேனைப் பயிர்ச்செய்கைக் காடுகளிலும் தற்காலிகக் கொட்டில்களில் தங்கிய மக்கள் நோயை ஊர்தோறும் கொண்டு சென்றனர். கொட்டிலுக்குச் சுவரில்லை, சுவரில்லாத இடத்தில் தெளிப்பு மருந்துக்கும் இடமில்லை. மீண்டும் டீ.டீ.ரீ. தெளித்தபோது நுளம்பு அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டமை தெரியவந்தது. 1970களில் மலத்தியோன் என்னும் வேறு மருந்தை நாட நேர்ந்தது. சூழலியல் நூலாசிரியர் ரேச்சல் கார்சனின் எழுத்தால் டீ.டீ.ரீ. தடைசெய்யப்பட்டமையே இம்மீளெழுச்சிக்குக் காரணம் எனப் பிற்காலத்திற் சிலர் கூறிவந்துள்ளனர். அது வரலாற்றிற்கு ஒவ்வாத கூற்று. இலங்கையிற் தெளிப்பை நிறுத்தியது தடையன்று. வெற்றி தந்த மெத்தனமே.

தொழில்நுட்பம் தானே நோய்க்கு வாயில் திறந்த நிகழ்ச்சியும் எமது வட்டாரத்தின் அருகிலேயே உண்டு. மகாவலியைத் திசைதிருப்பும் பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கிற்று. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக ஆற்றுநீர் உக்குவளை மின்னிலையத்தை அடைந்து வடக்கே பாய்ந்தது. 1977இன் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டம் முப்பதாண்டுப் பணியை ஆறாண்டுகளில் முடிக்கும் பெருங்கனவாக முன்வைக்கப்பட்டது. 1980களின் நடுவில் கொத்மலை அணையும் சேர்ந்தது. அணைகளின் கீழே ஆற்றின் ஓட்டம் குன்றியது. பாறையிடுக்குகளிலும் மணலிலும் நீர் குட்டைகளாய்த் தேங்கிற்று. 1934இல் வானம் செய்ததை இப்போது மனிதர் செய்தனர். முன்னர் மலேரியாவுக்குப் பழக்கப்படாத கண்டிப் புறத்து ஆற்றோரங்களில் 1980களின் பிற்பகுதியிற் காய்ச்சல் தோன்றியமையை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். மின்னும் நீரும் நாட்டுக்கு வேண்டியனவே. ஆனால் அணையின் வரைபடத்தை வரைந்தவரும் நுளம்பின் வாழ்க்கையை அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பின் இக்கேட்டினைக் குறைத்திருக்கலாம்.

8. ஆரவாரமற்ற வெற்றி

1999இல் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட நோயாளர் பதிவாகிய நாட்டில், அடுத்த பன்னிரண்டாண்டுகளில் நோய் படிப்படியாக மறைந்தது. உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரிற் காணப்பட்டார். 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. இவ்வெற்றியின் பெரும்பகுதி உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலேயே ஈட்டப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. நோயாளரிற் பெரும்பான்மையோர் வட கிழக்கு மாகாணங்களில் வாழ்ந்தனர். போர்முனைகளைக் கடந்தும் மருந்தும் வலையும் பரிசோதனையும் சென்றன.

இவ்வெற்றிக்கு ஒற்றை அற்புதம் எதுவும் காரணமன்று. காய்ச்சலுற்றவரின் குருதித்துளியைக் கண்ணாடியிற் பூசி நுணுக்குக்காட்டியிற் பார்த்தல், நோயாளரின் வீட்டைத் தேடிச் செல்லல், மருந்தூட்டிய நுளம்புவலை, குட்டைகளில் மீன்குஞ்சு விடுதல், இடத்திற்கேற்ற அளவான தெளிப்பு, இடைவிடாத பதிவேடு என்பனவே காரணம். இவற்றுட் பல 1963இலும் இயன்றவையே. 1963இல் இல்லாதது, நோயாளர் தொகை குறைந்தபின்னரும் தேடலை நிறுத்தாத உறுதி.

மருந்தின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. இன்று மலேரியாவுக்குச் சிறந்த மருந்தாகிய ஆட்டிமிசினினைச் சீன விஞ்ஞானி தூ யூயூ 1970களின் தொடக்கத்தில் ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். பழஞ்சீன மருத்துவ நூலொன்றே அவருக்கு வழிகாட்டிற்று. ஆனால் அவர் நூலைப் போற்றியதோடு நின்றாரல்லர். சோதித்தார், பிழை கண்டார், மீண்டும் சோதித்தார். போகரின் பேரால் வழங்கும் பாடல்களிற் பறக்கும் ஊர்தியைத் தேடும் நம்மவர், சித்த மருத்துவச் சுவடிகளின் காய்ச்சல் மருந்துகளை அவ்வாறு சோதிக்க முயன்றால் அதுவே முன்னோர்க்குச் செய்யும் மரியாதையாகும்.

இதற்கு மாறான காட்சியையும் அண்மையிற் கண்டோம். 2020 டிசம்பரில், கொரோனாத் தொற்றைத் தடுக்கும் பாணியொன்று கிடைப்பதாகக் கேட்ட பல்லாயிரவர் கேகாலைப் பகுதியில் ஓரிடத்திற் திரண்டனர். 1934இல் காய்ச்சல் பேயாடிய அதே மாவட்டம். பாணி பயன் தரவில்லை. 2021இல் மக்களைக் காத்தது, உலகின் புத்தம்புதிய தடுப்பூசியை ஊர் தோறும் கொண்டு சென்ற பழைய சுகாதார வைத்திய அதிகாரி முறைமையே. களுத்துறையில் 1926இல் விதைத்தது 95 ஆண்டுகளின் பின் பலன் தந்தது. அடுத்த ஆண்டே அம்முறைமை தானும் தடுமாறிற்று. 2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி வறட்சியால் நேர்ந்த மருந்துத் தட்டுப்பாடு காரணமாகப் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே முன்குறித்த சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன.

9. முடிவுரை

மலேரியாவுக்கெதிரான தடுப்பூசிகள் 2021இலும் 2023இலும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற்றுள்ளன. நுளம்பின் மரபணுவையே மாற்றி அவ்வினத்தின் நோய்பரப்பும் ஆற்றலை அழிக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. சிந்தாமணியின் தச்சனும் வியக்கத்தக்க கனவுகள் இவை. இவற்றை ஐயுறவோ ஆரவாரமாக வரவேற்கவோ வேண்டுவதில்லை. வரலாறு கற்பித்த வினாக்களை அவற்றிடம் எழுப்பினாற் போதும். பட்டையை உரித்தவருக்கு மருந்து கிடைக்குமா? மருந்துண்டவரின் காலடியில் மண் தூய்தாகுமா? நோய் குறைந்தபின் காவல் தொடருமா? கேட்டுப் பெறும் உரிமை எல்லோர்க்கும் உண்டா?

இவ்வினாக்கள் பழையனவாகிவிடவில்லை. நகர்ப்புறங்களில் வாழவல்ல அனோபிலிஸ் ஸ்ரீபென்சி என்னும் நுளம்பு மன்னாரிற் காணப்பட்டமை 2017இல் வெளியாயிற்று. வடபாதையின் தொடக்கமாயிருந்த அதே கரை அது. அங்கிருந்து தொடங்கும் வழி தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து அலவத்துகொடவினூடாகக் கண்டிக்கு வருகின்றது. அவ்வழியின் இருமருங்கிலும் கிராமத்தவரும் நகரத்தவரும் தோட்டத்தவரும் ஒரேவிதமான குழாய்நீரையும் மலசலகூடத்தையும் மருந்தகத்தையும் பெறும்போதே நோயொழிப்பு என்ற சொல் முழுப்பொருள் பெறும். அரசியைத் தூக்கிச் செல்லும் பொறி எவ்வளவு நுட்பமானதாயினும், அம்பலத்தில் வைக்கப்பட்ட பாத்திரத்திற்கு அது நிகராகாது.